இருபத்தேழாம் எண் கலங்கியது

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், நடைகூடத்தின் கோடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில், ஒருத்தி செத்துப்போன தன் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தாள். பயந்துவிடாதீர்கள் பிள்ளைகளே, நட்ட நடு மத்தியானம். ஜன்னல் வெயில் மேசையில் விழுந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் எல்லோரும் கீழே சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் கையில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். அதன் அடியில் அண்ணனுடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மஞ்சள் நீர். ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது.

"அண்ணா, ஏணி அந்த வேலைக்குப் போகட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

குழாய்க்குள் நீர் மெல்லக் கலங்கத் தொடங்கியது.

அவளை எல்லோரும் குழாயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவனும் அண்ணன்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஆஸ்பத்திரியின் இரண்டு லிஃப்டுகளும் அவன் பொறுப்பு. அவள் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் நடைகூடத்தில் நின்று, "நாள் பூரா குழாய எண்ணி எண்ணி அடுக்குறா, குழாயம்மா! சாப்பிட வாடி!" என்று கத்தினான். பெயர் ஒட்டிக்கொண்டது. ஏணி என்பது அவன் மகள். பத்தொன்பது வயது. அப்பனைவிட ஒரு சாண் உயரம். அந்தப் பெயரையும் வைத்தது அவன்தான். அவன் வாய்க்குத் தப்பினவர்கள் அந்தக் குடும்பத்தில் யாரும் இல்லை.

அவன் ரத்தம் ஆய்வுக்கூடத்துக்கு வந்த கதை இதுதான். அங்கே பெரியவராக இருந்த டாக்டரம்மாவுக்கு நாற்பது பேருடைய ரத்தம் வேண்டியிருந்தது. இருபத்தாறு பேர் கிடைத்துவிட்டார்கள். அன்றைக்கு அண்ணன் லிஃப்ட் கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். குழாயம்மா ஊசியோடு போய் நின்றாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம் கைய நீட்டு."

"நான் மயங்கி விழுந்தா என்னை யாரு கீழ இறக்குவா? லிஃப்ட் வேற ரிப்பேர்."

"படியில உருட்டி விட்டுடறேன். நீயா போயிடுவே."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினான். பன்னிரண்டு மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவனுக்கு ஊசி என்றால் நடுக்கம். அந்த ரத்தம் தெளிந்து, பதினொரு சிறு குப்பிகளில், இருபத்தேழு என்ற எண்ணோடு உறைபெட்டிக்குள் போயிற்று.

எட்டு மாதம் கழித்து அவன் வேறொரு கட்டடத்தின் உச்சியில் இருந்த இயந்திர அறைக்கு ஏறிப் போனான். திரும்பி இறங்கவில்லை. அந்தக் கட்டடத்து ஆட்கள் அன்று முழுக்கப் படியேறி அவனைத் திட்டித் தீர்த்தார்கள். மறுநாள் காலையில்தான் ஒருவர் மேலே போய்ப் பார்த்தார். நாற்பத்து மூன்று வயது. அதுவரை நோய் நொடி என்று படுத்ததில்லை. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அறுத்துப் பார்க்க அண்ணி சம்மதிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியின் இடது லிஃப்டுக்கு ஒரு பழக்கம் வந்தது. யாரும் பொத்தானை அழுத்தாமலே மூன்றாவது மாடியில் வந்து நிற்கும். கதவு திறக்கும். உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மூடிக்கொள்ளும். புது மெக்கானிக் தூசி என்றான், கம்பி என்றான், இரண்டு தடவை பிரித்து மாட்டினான். குழாயம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். கதவு மூடும்வரை மூச்சு விடமாட்டாள்.

அவள் செய்த வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். கொழுப்பு தண்ணீரில் கரையாது. கைகழுவும் தொட்டியில் எண்ணெய்த் தட்டைக் கழுவின எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் ரத்தம் பெரும்பாலும் தண்ணீர். அதற்குள் கொழுப்பு போய்வர வேண்டுமானால் யாராவது தூக்கிக்கொண்டு போகவேண்டும். அதற்கென்றே உடம்பில் சில புரதங்கள் இருக்கின்றன. கொழுப்பை உள்ளே சுருட்டி, தாங்கள் மேலே போர்வைபோலப் போர்த்திக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக ஓடும். தனித்தனியாக ஓடும்வரை வம்பில்லை. போர்வை விலகினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினது திரளும். திரண்டது ரத்தக் குழாயின் சுவரில் போய் உட்காரும். எந்த மனிதருடைய உருண்டைகள் சீக்கிரம் திரள்கின்றன, திரண்டதைக் கரைக்க எவ்வளவு பித்த உப்பு வேண்டும், இவைதான் டாக்டரம்மாவின் கேள்விகள்.

பித்த உப்பு நம் ஈரலே செய்வது. விசித்திரத்தைக் கேளுங்கள், கொழுப்பிலிருந்துதான் அதைச் செய்கிறது. தன் இனத்தையே பிடித்துக் கரைக்கிற பொருள். ஆய்வுக்கூடத்தில் அது வெள்ளைப் பொடியாக டப்பாவில் வரும். எடை போடும்போது கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும். மூக்கில் ஏறினால் தும்மல், நாக்கில் பட்டால் அன்றைக்குச் சாப்பாடு முழுக்கக் கசப்பு. எடை போடுகிறவர் ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கியிருந்த ஒரு மனிதர். அவருக்குத் தும்மலார் என்று பெயர். காலையில் நடைகூடத்தில் ஏழு தும்மல் கேட்டால் பித்த உப்பு தயார் என்று அர்த்தம்.

ஒரு குப்பியை எடுத்து உருக்கி, ஒருநாள் முழுக்கச் சுழலும் பெரிய இயந்திரத்தில் வைத்தால், கொழுப்பு உருண்டைகள் மட்டும் மஞ்சள் பட்டையாக மேலே நிற்கும். அதை உறிஞ்சி எடுத்து, இன்னும் ஒருநாள் உப்பு நீக்கி, குழாய்களில் ஊற்றுவாள். அப்புறம் பம்பரம். அது கைப்பிடி அளவு இயந்திரம். உச்சியில் ரப்பர்க் கிண்ணம். குழாயின் அடியை அதில் அழுத்தினால் உள்ளே நீர் சுழன்று ஒரே சீராகக் கலக்கும். பத்து நொடி அழுத்தவேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. பிறகு ஒளிமானியில் வைத்துக் கலங்கல் எவ்வளவு என்று எண் பார்ப்பாள். கடைசியில் பித்த உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவாள்.

அண்ணன் போய் மூன்று மாதம் கழித்து இருபத்தேழாம் எண்ணின் முறை வந்தது.

அவள் நினைத்தது ஒரே ஒரு வார்த்தை சொல்வதற்குத்தான். எல்லோரும் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துக் குழாயை எடுத்தாள். பம்பரம் ஓடும்போது உறுமும். அந்த உறுமலில் பேசினால் நடைகூடத்துக்குக் கேட்காது. குழாயை அழுத்திக்கொண்டு, "அண்ணா, நான்தான்" என்றாள். அதோடு நிற்கவில்லை. அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குத் திரும்பிவிட்டதைச் சொன்னாள். அவன் சட்டைகளை இன்னும் மடித்தே வைத்திருப்பதைச் சொன்னாள். அந்த மேல்மாடி அறையில் ராத்திரி முழுக்கத் தனியாகக் கிடந்தாயே, கூப்பிட்டாயா என்று கேட்டாள். கேட்டு முடித்துக் குழாயைத் தூக்கிப் பார்த்தபோது, மஞ்சளாக இருந்த நீர் பால் விட்டதுபோல வெளுத்துக் கலங்கியிருந்தது.

ஒளிமானி முப்பத்தொன்று காட்டியது. மற்றவர்கள் எல்லோரும் நாலு, ஐந்து, மிஞ்சினால் ஆறு.

பித்த உப்புக் கரைசலை எடுத்து விடத் தொடங்கினாள். முதல் சொட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மற்றவர்களுக்குப் போதுமான அளவைப்போல மூன்று மடங்கு போயிற்று. அடுத்த சொட்டில், சொல்லிவைத்தாற்போல, குழாய் சட்டென்று தெளிந்துவிட்டது. வாசலில் நின்றிருந்த ஆள் கண் இமைக்கும் நேரத்தில் காணாமல் போனால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவளுக்கு.

"தெளிஞ்சுடுச்சுன்னா பழையபடி ஆயிடுச்சுன்னு நினைக்காதே," என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். "பித்த உப்பு உருண்டையையே பிரிச்சு எடுத்துடுது. தெரியாம போறது வேற, சரியாப் போறது வேற."

அடுத்த மாதம் இரண்டாவது குப்பி. மறுபடியும் பேசினாள், மறுபடியும் கலங்கியது. மூன்றாவது, நான்காவது. கொஞ்சமாகப் பேசின நாளில் லேசாகக் கலங்கும். மனம் தாங்காமல் கெஞ்சின நாளில் கெட்டியாகக் கலங்கும். அண்ணன் பதில் சொல்கிறான் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானேகூட அந்த வார்த்தைகளில் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் சாப்பாட்டு மணி அடித்ததும் மற்றவர்களோடு கீழே போகாமல் பின்தங்கிக்கொள்வாள்.

டாக்டரம்மா எண்களைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"இருபத்தேழு யாருன்னு தெரியுமா? இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல."

"எங்க அண்ணன், டாக்டர்."

டாக்டரம்மா குறிப்பேட்டை மூடினார். பிறகு மெதுவாக, "அவருக்குப் பசங்க இருக்காங்களா? ரத்தம் குடுப்பாங்களான்னு கேட்டுப் பாரு. ஆனா ஒண்ணு, எது வந்தாலும் வீட்ல சொல்லக் கூடாது. இது ஆராய்ச்சி. ஒரு குழாயைப் பாத்து ஒருத்தருக்கு வியாதின்னு சொல்ற இடம் இது இல்ல," என்றார்.

ஏணி ஆஸ்பத்திரிக்கு வந்து கையை நீட்டினாள். அப்பனைப்போல முகத்தைத் திருப்பவில்லை. ஊசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, "அத்தை, நிறைய எடுங்க. நான் பெரிய சைஸு, உள்ள ஸ்டாக் நிறைய இருக்கு," என்றாள். அவள் தீயணைப்புப் பயிற்சிப் பள்ளிக்குத் தேர்வாகியிருந்தாள். இருபது கிலோ குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறு மாடி ஏறி, முதல் ஆளாக வந்திருந்தாள். உடல்நலப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புவது ஒன்றுதான் பாக்கி.

அவளுடைய குழாயைப் பம்பரத்தில் வைத்தபோது குழாயம்மா வேண்டிக்கொண்டாள். "இவளுக்கு வேண்டாம் அண்ணா. இவளுக்கு மட்டும் வேண்டாம். உன்னோட போகட்டும்." பம்பரம் உறுமிக்கொண்டே இருந்தது. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முப்பது.

அன்றைக்கு மத்தியானந்தான் நான் முதலில் சொன்னது. அவள் அண்ணனுடைய இன்னொரு குழாயை எடுத்துக் கேட்டாள். "ஏணி அந்த வேலைக்குப் போகட்டுமா, வேண்டாமா?" நீர் கலங்கியது. தீக்குள்ளே போகிற வேலை அண்ணா, புகையில் ஏறுகிற வேலை, வேண்டாமென்றால் சொல்லிவிடு என்று மேலும் கேட்டாள். மேலும் கலங்கியது. குழாயைத் தூக்கியபோது சுவரில் துகள் துகளாகத் திப்பி ஒட்டியிருந்தது. அண்ணன் அவ்வளவு அழுத்தி அதுவரை எதையும் சொன்னதில்லை.

டாக்டரம்மா சொன்னதை அவள் மீறினாள்.

அன்று சாயங்காலம் அண்ணி வீட்டில் ஏணி கயிற்றை நாற்காலிக் காலில் கட்டி முடிச்சுப் பழகிக்கொண்டிருந்தாள். அண்ணி கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நாள் முழுக்க ஊரார் கண்ணாடிகளுக்கு வில்லை தேய்த்துப் பொருத்தியதில் விரல் நுனி எல்லாம் வெள்ளைப் பொடி.

"பாரு உன் மருமகள. நாற்காலிய மீட்டுட்டா. அடுத்து ஸ்டூலு மாட்டிக்கிட்டிருக்கு," என்றாள் அண்ணி.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும்."

சொன்னாள். அப்பாவின் ரத்தத்தில் இருந்தது உன் ரத்தத்திலும் இருக்கிறது என்றாள். கயிறு ஏணியின் கையில் அப்படியே நின்றது. அண்ணி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவத் தொடங்கினாள். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

பிறகு வந்த நாற்பது நாளில் அந்த வீட்டில் நடந்ததைச் சொல்ல எனக்கே மனசு இல்லை. ஆறு மாடி ஏறினவள் பத்துப் படிக்கு ஒரு தடவை நின்றாள். இரண்டு விரலைக் கழுத்தில் வைத்துத் துடிப்பை எண்ணினாள். படுத்தால் நெஞ்சு அடங்கிவிடும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். அண்ணி காலையில் எழுந்து பார்த்தால் அந்த நெடும் உருவம் இருட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். "என் வீட்ல ஒண்ணு செத்துப் பேயா இருக்கு, ஒண்ணு சாகாமயே பேயா இருக்கு," என்று அண்ணி குழாயம்மாவிடம் போனில் சொன்னாள். கையெழுத்துப் போடாத படிவம் மேசையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

குழாயம்மா மட்டும் நல்லதைத்தான் செய்தோம் என்று இருந்தாள். அண்ணனே சொன்ன பிறகு வேறென்ன?

கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, தும்மலார் சாப்பாட்டு நேரத்தில் தன் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு, அதை எடுக்கத் திரும்பி வந்தார். வாசலில் நின்றுவிட்டார். குழாயம்மா முதுகைக் காட்டிக்கொண்டு, பம்பரத்தின்மேல் கையை அழுத்தி, தலையைச் சாய்த்து, யாரிடமோ கோள் சொல்வதுபோலப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இருமலாமா என்று யோசித்தார். அதற்குள் தும்மல் வந்துவிட்டது.

அவள் திரும்பினாள். முகம் செத்துப்போயிருந்தது.

"ஒண்ணும் கேக்கல," என்றார் அவர். "நான்கூட ஸ்கூட்டர்கிட்டப் பேசுவேன். திட்டினாத்தான் கிளம்பும்."

"எங்க அண்ணன் குழாய்."

"தெரியும்மா." அவர் மேசைக்கு வந்து, குழாயை வெளிச்சத்தில் பார்த்தார். பால்போல இருந்தது. "எப்பவும் இப்படித்தானா, பேசிக்கிட்டே?"

"பம்பரம் ஓடறப்பதான் பேசுவேன். வெளிய கேக்காது."

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார். சொல்ல வந்ததை எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நான் வாசல்ல நின்னது நாலு நிமிஷம். அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரமோ. சுவத்துல என்ன எழுதியிருக்கு?"

"பத்து நொடி."

"பால் ஏட்டை பாட்டில்ல போட்டு நாலு நிமிஷம் குலுக்கினா என்னம்மா ஆகும்? வெண்ணெயாத் திரளும். இதுவும் கொழுப்புதானே. போர்த்தியிருக்கறத உரிச்சுவிட்டா ஒட்டிக்காதா?"

"இல்ல," என்றாள் அவள். "அவன் கலங்கறது அதனால இல்ல."

"சரி, இல்ல."

"நான் என்ன கேக்கறேனோ அதுக்குத் தகுந்த மாதிரி கலங்கும். பெரிய விஷயம் கேட்டா நிறைய..."

பாதியில் நின்றது பேச்சு. பெரிய விஷயத்தைக் கேட்க அதிக நேரம் ஆகும் என்பது அவள் வாயிலிருந்து வரும்போதே அவள் காதில் விழுந்தது. தும்மலார் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

அன்றைக்கு இடது லிஃப்ட் வந்து நின்று கதவைத் திறந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

உறைபெட்டியில் இருபத்தேழாம் எண்ணில் ஒரே ஒரு குப்பி மீதியிருந்தது. அதை உருக்கிவிட்டால் உலகத்தில் அண்ணனுடைய உடம்பு என்று சொல்ல ஒரு துளி இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் யோசித்தாள். அந்தக் குப்பியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். யாரும் கேட்கப்போவதில்லை. அண்ணன் சொன்னது சொன்னதாகவே இருக்கும். பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே உயிரோடு இருப்பாள்.

திங்கட்கிழமை காலை குப்பியை எடுத்தாள். ஏணியின் குப்பிகளில் ஒன்றையும், ஒன்பதாம் எண் என்று யாரோ முகம் தெரியாத ஆளுடைய குப்பியையும் எடுத்தாள். பெரிய இயந்திரத்தில் வைத்தாள். வியாழக்கிழமை மத்தியானம் மூன்று குழாயும் தயார்.

தும்மலாரைத் துணைக்கு நிற்கச் சொன்னாள். "நீங்களே அழுத்துங்களேன்," என்றதற்கு அவர் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். "உன் கைதான் கலங்க வச்சுதா இல்லையான்னு உன் கைக்குத்தான் தெரியணும். நான் கடிகாரத்தைப் பாக்கறேன்."

முதலில் ஒன்பதாம் எண். அண்ணனிடம் பேசும் அளவுக்கு இந்த ஆளிடமும் பேசவேண்டும். முன்பின் தெரியாத ஆளிடம் நாலு நிமிஷம் என்ன பேசுவது? "நீங்க யாருன்னு தெரியாது," என்று தொடங்கினாள். "நல்லா இருக்கீங்களா? கீழ டீ நல்லா இல்ல. ஜன்னல் கொக்கி உடைஞ்சு ஒரு வருஷமாச்சு, யாரும் வந்து பாக்கல..." தும்மலார் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் ரெண்டரை நிமிஷம். உன் மாமியார் விஷயத்த எடு, நேரம் போறதே தெரியாது," என்றார். அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் வேறாகியது.

நாலு நிமிஷம். ஒன்பதாம் எண் பால்போல வெளுத்திருந்தது. முப்பத்துமூன்று. ஜன்னல் கொக்கியைப் பற்றிக் கேட்டதற்கு, முகம் தெரியாத ஒருவர் அவ்வளவு அழுத்திப் பதில் சொல்லியிருந்தார்.

அடுத்தது ஏணி. பத்து நொடி. நாலு.

கடைசியில் அண்ணன். அவள் குழாயைக் கையில் எடுத்தாள். உள்ளங்கைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பம்பரத்தில் அழுத்தினாள். வாயைத் திறக்காமல் பத்து நொடி நிற்பது அவ்வளவு நீளம் என்று அதற்கு முன் அவளுக்குத் தெரியாது. ஆறாவது நொடியில் "அண்ணா" என்று தொண்டைவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பத்து," என்றார் தும்மலார்.

கையை எடுத்தாள். குழாயை வெயிலில் பிடித்தாள். மஞ்சளாக, சுத்தமாக, ஜன்னல் கம்பி மறுபக்கம் தெரிகிற மாதிரி, ஒரு துகள்கூட இல்லாமல் இருந்தது. ஐந்து என்றது ஒளிமானி. நாற்பது பேரில் ஒருவன். மற்றவர்களைப்போலத்தான். இத்தனை மாதம் அவன் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அவள் நெஞ்சில் இருந்த பயத்தை அவளே அவன் ரத்தத்தில் கடைந்து, அவளே எடுத்துப் படித்து, அவன் மகள் தலையில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"மாரடைப்புன்னாங்களே," என்றாள். "இதுல ஒண்ணும் இல்லன்னா, அவன் எதுனால செத்தான்?"

"இந்தக் குழாய்க்கு அது தெரியாதும்மா," என்றார் தும்மலார்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சத்தம் போடவில்லை. குறிப்பேட்டைத் திறந்து இருபத்தேழு என்று இருந்த வரிகளை ஒவ்வொன்றாக அடித்தார். பேனா தாளைக் கீறுகிற சத்தம் கேட்டது. "முதல் தடவையே உன் பக்கத்துல நின்னு பாத்திருக்கணும் நான்," என்றார். பிறகு நிமிர்ந்தார். "சொல்லாதேன்னு சொன்னேன். சொல்லிட்டே. இப்ப இதையும் நீதான் போய்ச் சொல்லணும். நாளைக்குக் காலைல அந்தப் பொண்ண இதய டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். ஒழுங்கா படம் எடுத்துப் பாக்கட்டும். முதல்லயே செஞ்சிருக்க வேண்டியது அது."

சாயங்காலம் அவள் அண்ணி வீட்டுக் கதவைத் தட்டினாள். ஏணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் இரண்டு விரல். குழாயம்மா எதிரில் தரையில் உட்கார்ந்தாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பேசினதைச் சொன்னாள். என்ன பேசினோம் என்பதையும் சொன்னாள். பத்து நொடியைச் சொன்னாள். காலையில் டாக்டரம்மா இதய டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னதையும் சொன்னாள்.

"உன் ரத்தத்துல ஒரு குத்தமும் இல்ல கண்ணு. அந்தக் கலங்கல் நான் உண்டாக்கினது."

ஏணி சந்தோஷப்படுவாள் என்று அவள் நினைத்திருந்தாள். அடிப்பாள் என்றும் நினைத்திருந்தாள். ஏணி இரண்டும் செய்யவில்லை.

"அப்போ அப்பாவுக்கு என்ன?"

"தெரியல."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

ஏணி கழுத்திலிருந்து விரலை எடுத்தாள். எடுத்த விரலையே பார்த்தாள். "நாப்பது நாளா இங்க அப்பா இருந்தாரு அத்தை," என்றாள். "பயமாத்தான் இருந்துச்சு. ஆனா இருந்தாரு. ராத்திரி எண்ணிக்கிட்டே இருப்பேன். அவருக்கும் இப்படித்தான் அடிச்சிருக்கும்னு... நீங்களே குடுத்தீங்க. இப்ப நீங்களே எடுத்துக்கிட்டுப் போறீங்க."

அத்தையும் இத்தனை மாதம் அப்படித்தான் ஒரு குழாய்க்குள் அவனை வைத்திருந்தவள்.

அண்ணி எப்போதிலிருந்து வாசற்படியில் நின்றாள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அவள் குரல் நடுங்கவில்லை. "ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் அவர வச்சுப் பேசிக்கிட்டு இருந்திருக்கீங்க. எனக்கு ஒரு குழாயும் இல்ல, ஒரு துடிப்பும் இல்ல. நான் காலைல எந்திரிச்சு அவர் இல்லாத வீட்டத்தான் பெருக்கினேன்," என்றாள். "உன்ன இந்த வீட்டுக்கு வராதேன்னு சொல்லத்தான் வாய் வருது குழாயம்மா. சொல்ல மாட்டேன். ஆனா கொஞ்ச நாளைக்கு என் முகத்தப் பாத்துப் பேசாதே."

அவள் மேசையிலிருந்து படிவத்தை எடுத்து மகள் மடியில் போட்டாள். பேனாவையும் போட்டாள்.

ஏணி வெகுநேரம் அதை வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கேள்வியில் பேனா நின்றது. குடும்பத்தில் இதய நோயால் இறந்தவர்கள் உண்டா என்று கேட்டிருந்தது. உண்டு என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம்.

"அத்தை, எதுல டிக் பண்றது?"

நாற்பது நாளுக்கு முன்னால் என்றால் குழாயம்மாவிடம் பதில் தயாராக இருந்திருக்கும். யாரைக் கேட்டு அந்தப் பதிலைச் சொல்கிறாள் என்றும் அவளுக்குத் தெரிந்திருக்கும். இப்போது தெரியாது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஏணி இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்த கொஞ்சம் வெள்ளை இடத்தில், எழுத்தைச் சிறிதாக்கி எழுதினாள். அப்பா, நாற்பத்து மூன்று வயது, வேலை செய்த இடத்தில் இறந்தார், காரணம் தெரியவில்லை.

"இப்படி எழுதினா சேத்துப்பாங்களா?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"கூப்பிட்டுக் கேப்பாங்க."

"கேக்கட்டும்," என்று சொல்லி, அவள் அடியில் தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.